மஞ்சள் அட்டையும் இருபத்தெட்டு மாத்திரையும்

கம்பாலாவில் ஆறு வார வேலை என்று அலுவலகத்தில் சொன்னதும் விசா, டிக்கெட், டாலர் என்றுதான் அலைந்துகொண்டிருந்தேன். உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும் என்பது தெரியும். "ஊசி போட்டு அட்டை வாங்கிட்டாப் போதும் சார், மறுநாளே கிளம்பலாம்" என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் சொன்னார். நம்பிவிட்டேன்.

அம்மா இதை மஞ்சள் காமாலை என்றே நினைத்துக்கொண்டார். "அதுக்கு எதுக்குப்பா ஊசி? கீழாநெல்லி அரைச்சுக் குடிச்சாப் போதாதா?" இரண்டும் வேறு என்று உட்கார்ந்து விளக்கினேன். மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது ஏடிஸ் கொசு. நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே கொசுதான். அந்த வைரஸ் மட்டும் இன்னும் இந்தியாவுக்கு வரவில்லை. வந்துவிடக் கூடாது என்றுதான் திரும்பும்போது நம் விமான நிலையத்திலும் அட்டையைக் கேட்கிறார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம்.

முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டோடு சென்னை கிண்டியில் இந்த ஊசி போடும் கிங் இன்ஸ்டிடியூட் போனேன். "முட்டை ஒத்துக்குமா? ஏதாவது அலர்ஜி உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். கோழிமுட்டைக் கருவில் வளர்த்துத் தயாரிக்கும் உயிருள்ள தடுப்பூசி என்பதால் அந்தக் கேள்வி. அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் யோசித்துத்தான் போடுவார்கள். எனக்குக் கையில் ஊசி போட்டு, அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொன்னார்கள்.

அட்டையை வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. ஊசி போட்ட பத்து நாள் கழித்துத்தான் அது செல்லும். என் விமானமோ எட்டாவது நாள். பணம் கட்டி டிக்கெட்டைத் தள்ளிப்போட்டேன். ஒரு வாரம் வீண். தேதி முடிவானவுடனே முதலில் ஊசிக்குப் பதிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். 2016 ஜூலை முதல் அந்த ஒரு ஊசி ஆயுளுக்கும் செல்லும். அட்டையில் எழுதிய பாஸ்போர்ட் எண்ணை மட்டும் அங்கேயே ஒருமுறை சரிபாருங்கள்.

மலேரியாவுக்கு இப்படி ஓர் அட்டை கிடையாது. அதனால் யாரும் கேட்பதில்லை, பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை. உகாண்டாவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற கடுமையான மலேரியா வகை. சிகிச்சை தாமதமானால் உயிருக்கே ஆபத்து. அது வராமல் தடுக்க மருத்துவர் எனக்கு டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி, அங்கே தினமும் ஒன்று, ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. ஒருநாள் அரை டம்ளர் தண்ணீரில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன். விடியும்வரை நெஞ்சுக்குழிக்கு மேலே நெருப்புத் துண்டு சிக்கிக்கொண்ட மாதிரி எரிச்சல். இது கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது, வேறு மாத்திரை இருக்கிறது. மருத்துவரைக் கேட்காமல் கடையில் வாங்காதீர்கள்.

சாப்பாட்டில் பெரிய சிக்கல் வரவில்லை. தெருவோரத்தில் சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டித் தரும் 'ரோலக்ஸ்' கல்லிலிருந்து சூடாக வரும்போது தைரியமாகச் சாப்பிட்டேன். நறுக்கி வைத்த பழத்தைத் தொடவில்லை. விக்டோரியா ஏரியில் குளிக்க நண்பர்கள் கூப்பிட்டார்கள், மறுத்துவிட்டேன். அங்கே நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒட்டுண்ணி தோல் வழியாகவே உடம்புக்குள் புகுந்துவிடும்.

திரும்பி வந்ததும், இனி எதற்கு மாத்திரை என்றுதான் தோன்றும். கடைசி நாள் கொசு கடித்திருந்தாலும், கிருமி முதலில் கல்லீரலில் பதுங்கியிருந்து பிறகுதான் ரத்தத்துக்கு வரும். டாக்ஸிசைக்ளின் அதை ரத்தத்தில்தான் பிடிக்கும். நான்கு வாரக் கணக்கு அதற்காகத்தான்.

ஊருக்கு வந்த பத்தொன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது. மருத்துவரிடம் முதல் வார்த்தையாக, "உகாண்டாவிலிருந்து வந்திருக்கிறேன்" என்றேன். அன்றே ரத்தப் பரிசோதனை. மலேரியா இல்லை என்று வந்தும், ஒரு பரிசோதனை போதாது என்று அடுத்த இரண்டு நாளும் எடுத்தார். மூன்றிலும் இல்லை, சாதாரணக் காய்ச்சல்தான். மீதியிருந்த ஒன்பது மாத்திரையையும் நாள் தவறாமல் போட்டு முடித்தேன்.