எஃகும் மந்திரமும் ரயிலும்

பிராண்டன் சாண்டர்சனின் 'ஷேடோஸ் ஆஃப் செல்ஃப்' (2015) நாவலை நேற்றிரவுதான் முடித்தேன். மனசு இன்னும் கதை நடக்கும் எலெண்டெல் நகரத்திலேயே நிற்கிறது.

இது அவருடைய 'மிஸ்ட்பார்ன்' வரிசையில் ஒரு நாவல்; அந்த வரிசையின் முதல் கதை நடந்து சுமார் 300 ஆண்டுகள் ஆகிவிட்டன. ரயில், துப்பாக்கி, மின்விளக்கு எல்லாம் வந்தாச்சு. மந்திரமும் போகவில்லை. எஃகுத் துகளை விழுங்கி உலோகப் பொருட்களைத் தள்ளலாம். தள்ளிய பொருள் அசையாவிட்டால் தூக்கியெறியப்படுவது தள்ளியவன்தான். அப்படியே நியூட்டனின் மூன்றாம் விதி! நாயகன் வாக்ஸ் தன் எடையையும் கூட்டிக் குறைப்பான், சண்டைக் காட்சிகளை எழுந்து நின்று படித்தேன்.

அதைவிட என்னை உலுக்கியது தொழிலாளர்களின் கோபம். பழைய நாயகர்களை மக்கள் கும்பிடுகிறார்கள். தெருவிலோ வேலையிழந்த கூட்டம் கொதிக்கிறது. மாயக்கதையில் உழைப்பாளியின் வயிற்றுப்பாட்டுக்கு இவ்வளவு இடம் கொடுத்த மனுஷனைக் கட்டிப்பிடிக்கணும் போல இருக்கு.

இதற்கு முந்தைய நாவலான 'தி அலாய் ஆஃப் லா'வை (2011) முதலில் படித்துவிடுங்கள்.