சிட்லிங்கிக்குப் போகிறவர்களுக்கு

தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கியில் இருக்கிற பழங்குடி மக்கள் ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போகிறவர்களுக்காக இது. சிங்கப்பூர் சாங்கியிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நாலு மணி நேரம். அங்கிருந்து சேலம், பிறகு மஞ்சவாடி கணவாய் வழியாக அரூர். சாப்பாட்டை அரூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், ரொக்கமும் எடுத்து வையுங்கள். அதற்கப்பால் கோட்டப்பட்டி வழியாகச் சிட்லிங்கிக்குப் பேருந்து குறைவு. குழந்தைகளோடு போகிறவர்கள் சேலத்திலேயே வாடகைக் கார் பேசிவிடுவது நல்லது.

கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே கிடக்கிற பள்ளத்தாக்கு அது. பிரசவ வலியோடு ஒரு பெண் இந்தக் காட்டுப் பாதையைக் கடந்து ஆஸ்பத்திரி சேர வேண்டியிருந்த காலத்தை, வண்டி குலுங்கும்போது நினைத்துப் பாருங்கள். பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு நிற்காவிட்டால் இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும். 1993இல் டாக்டர் லலிதாவும் அவர் கணவர் டாக்டர் ரெஜி ஜார்ஜும் இங்கே வந்தபோது, பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. சிங்கப்பூரில் இன்று அது ஏறக்குறைய 2.

ஒரு மண்குடிசையில்தான் வைத்தியம் தொடங்கியது. மலைவாசிப் பெண்களுக்கே இருவரும் பயிற்சி கொடுத்தார்கள். இளம்பெண்கள் பிரசவம் பார்க்கவும், அறுவை சிகிச்சைக்குத் துணை நிற்கவும் கற்றார்கள். ஊர் ஊராக மூத்த பெண்கள் வீடேறிப் போய்க் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் கவனித்தார்கள். இந்த இரண்டாவது வேலைதான் பெரிது என்பேன். பேதி கண்ட குழந்தைக்கு, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, எல்லாம் தலை தட்டி அளந்து கலந்து கொடுத்தால் பெரும்பாலும் பிழைத்துவிடும். உப்பு கூடினால் அதுவே ஆபத்து. அதைச் சரியாகச் சொல்லித்தர, தாய் நம்புகிற, பக்கத்து வீட்டு அக்கா வேண்டும்.

போவதற்கு முன் அனுமதி கேட்டு எழுதுங்கள். வேலை நடக்கிற ஆஸ்பத்திரி அது. நோயாளிகளைப் படம் பிடிக்காதீர்கள். வீட்டில் மிஞ்சிய மருந்துகளைப் பெட்டியில் அள்ளிப் போகவும் வேண்டாம். காலாவதி பார்த்துப் பிரிப்பதே அவர்களுக்கு ஒரு வேலையாகிவிடும்.

அங்கே வாழும் லம்பாடி இனப் பெண்களின் 'பொர்கை' பூவேலைத் துணிகளை அவசியம் பாருங்கள். அவர்கள் மொழியில் அதற்குப் பெருமை என்று பொருள். மறந்துபோகவிருந்த தையலை மீட்டெடுக்கத் தூண்டியவரும் டாக்டர் லலிதாதான். முழுக்கக் கைத்தையல், ஒன்றைப் போல் இன்னொன்று வராது. தீபாவளிக்குப் பத்துத் துணி வேண்டுமென்றால் சில மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.