தேதிகளைப் பார்க்கத் தவறிய ஒரு மதிப்பீடு

ஒரு பொருள் பற்றி வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் இலக்கிய மீளாய்வு ஒன்றுக்காக, செவிலியர் பயிற்சித் திட்டம் பற்றிய கலப்பு முறை (எண்களையும் நேர்காணல்களையும் சேர்த்துப் பயன்படுத்தும்) ஆய்வுக் கட்டுரை ஒன்றை மதிப்பிடும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை ஏறக்குறைய இரண்டு மாதம் இழுத்தது. கலப்பு முறை ஆய்வை முதன்முறை மதிப்பிட உட்காருபவர்களுக்கு உதவும் என்பதால், எங்கே சறுக்கினேன் என்பதை எழுதுகிறேன்.

இத்தகைய ஆய்வுகளின் தரத்தை மதிப்பிட, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் உருவான எம்.எம்.ஏ.டி. என்ற வினாப்பட்டியல் கருவியின் 2018 பதிப்பை மீளாய்வுக் குழு முன்பே தேர்ந்திருந்தது. பண்புசார் பகுதிக்கு (இங்கே நேர்காணல்கள்) 5, அளவுசார் பகுதிக்கு (இங்கே எண்கள் தரும் கணக்கெடுப்பு) 5, இரண்டும் இணையும் இடத்துக்கு 5 என்று 15 அளவுகோல்கள். ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’, ‘இல்லை’, ‘கூற இயலவில்லை’ என்று விடை. முதல் பத்தையும் ஒரே மாலையில் முடித்தேன். அதே வேகத்தில் கடைசி ஐந்துக்கும் ‘ஆம்’ என்று குறித்து, கீழே 15-க்கு 13 என்று மதிப்பெண்ணும் போட்டு அனுப்பினேன்.

தாள் திரும்பி வந்தது. மொத்த மதிப்பெண் போடுவதை அந்தக் கருவியின் வழிகாட்டிக் குறிப்பே ஊக்குவிப்பதில்லை. எந்த அளவுகோலில் குறை, ஏன் குறை என்று எழுத வேண்டும். அதைவிட உறைத்தது வேறொன்று. அதே கட்டுரையைத் தனியாக மதிப்பிட்ட சக மதிப்பீட்டாளர், கடைசி ஐந்தில் மூன்றுக்கு ‘இல்லை’ என்று குறித்திருந்தார். கருத்து வேறுபாட்டைத் தீர்க்கக் கூடியபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “நேர்காணல்கள் எந்த மாதத்தில் நடந்தன?” என்னிடம் பதில் இல்லை.

கட்டுரை தன்னை ‘விளக்கத் தொடர் வடிவமைப்பு’ என்று அழைத்துக்கொண்டது. அதாவது, முதலில் வினாப்பட்டியல் வழியே கணக்கெடுப்பு நடத்தி, அதன் முடிவுகளில் புரியாதவற்றை விளக்கிக்கொள்ளப் பிறகு நேர்காணல் செய்திருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடந்த மாதங்கள் ஓர் அட்டவணையின் அடிக்குறிப்பில் இருந்தன. நேர்காணல் நடந்த மாதங்கள் நெறிமுறை அனுமதி பற்றிய பத்தியின் இறுதி வரியில் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கணக்கெடுப்பு முடிவதற்கு முன்பே நேர்காணல்கள் முடிந்துவிட்டன. வராத முடிவை விளக்க எப்படிக் கேள்வி கேட்டிருக்க முடியும்? இரண்டையும் ஒரே காலத்தில் நடத்துவது குற்றமன்று; அதற்கென்றே தனி வடிவமைப்பு உண்டு. ஆனால் அப்போது ஏன் இரண்டு முறைகள் தேவைப்பட்டன என்பதற்கு ஆசிரியர்கள் சொன்ன காரணம் நிற்காது.

நேர்காணல் வினாக்களைப் பார்த்தால் உறுதியாகிவிடும் என்று கட்டுரையின் ஆசிரியருக்கு எழுதினேன். மூன்று வாரம் கழித்து, “கேட்ட விவரங்கள் வெளியீட்டிலேயே உள்ளன” என்று ஒற்றை வரிப் பதில் வந்தது. எரிச்சலாக இருந்தாலும், தேடிப் பார்த்ததில் அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது: கட்டுரையோடு சேர்த்து வெளியிடப்பட்டிருந்த, நான் திறக்காமலே விட்ட துணைக்கோப்பில் வினாக்கள் முழுமையாக இருந்தன, கணக்கெடுப்பு முடிவைத் தொட்டு ஒரு வினாகூட அவற்றில் இல்லை. கட்டுரையைத் தரவிறக்கும் அன்றே துணைக்கோப்புகளையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மூன்று வாரம் அதில்தான் வீணானது.

அடுத்த சறுக்கல் முரண்பாடுகள் பற்றிய அளவுகோலில். இரண்டு பகுதிகளின் முடிவுகளுக்கிடையே முரண்பாடு இல்லையென்றால் ‘ஆம்’ என்று குறிக்கலாம் என்று கருவி அனுமதிக்கிறது. ஆசிரியர்கள் முரண்பாடு எதையும் குறிப்பிடவில்லை. எனவே இல்லை என்று எடுத்துக்கொண்டேன். இந்த முறை ஒரு வெள்ளைத்தாளில் மூன்று நெடுவரிசை இழுத்தேன்: இடப்பக்கம் கணக்கெடுப்பின் முடிவு, நடுவில் அதே பொருள் பற்றி நேர்காணலில் வந்தது, வலப்பக்கம் இரண்டும் எப்படிச் சேர்கின்றன என்று ஆசிரியர்கள் எழுதியது. முதல் வரிசையிலேயே விஷயம் வெளிப்பட்டது. கணக்கெடுப்பில் பெரும்பாலோர் பயிற்சியில் நிறைவு தெரிவித்திருந்தனர். நேர்காணலிலோ, பயிற்சி நன்றாக இருந்தது, ஆனால் வார்டில் அதைச் செய்ய நேரமே கிடைப்பதில்லை என்பதையே ஒருவர் பின் ஒருவராகச் சொல்லியிருந்தனர். வலப்பக்கத்தில் எழுதுவதற்குக் கட்டுரையில் கிடைத்தது, நேர்காணல்கள் கணக்கெடுப்பை உறுதிப்படுத்தின என்ற ஒரே வாக்கியம். மற்ற வரிசைகளில் வலப்பக்கம் வெறுமையாகவே இருந்தது.

பயிற்சி பிடித்திருக்கிறதா என்பதும் அது பயன்படுகிறதா என்பதும் வேறு வேறு கேள்விகள். அந்தச் செவிலியர்கள் நேரம் ஒதுக்கிச் சொன்னதில் மிக முக்கியமானது அந்த ‘ஆனால்’; அதை ஆசிரியர்கள் கடந்துபோனதைப் போலவே நானும் முதல் வாசிப்பில் கடந்துபோயிருந்தேன். அது இன்னும் உறுத்துகிறது. முரண்பாட்டைச் சொன்னால் மட்டும் போதாது, விளக்கவும் வேண்டும் என்பது கருவியின் எதிர்பார்ப்பு. இங்கே சொல்லவே இல்லை.

தாளைத் திருத்தி, ஒவ்வொரு ‘இல்லை’க்கும் பக்க எண்ணோடு காரணம் எழுதி அனுப்பியபோது சக மதிப்பீட்டாளர் ஒரு மாற்றமும் கேட்கவில்லை. ஒரு விஷயத்தில் அவரே தம் விடையை மாற்றிக்கொண்டார்: துணைக்கோப்பை அவரும் பார்த்திருக்கவில்லை. கட்டுரையை மீளாய்விலிருந்து நீக்கவில்லை. நிறைவு பற்றிய எண்களை ஓரிடத்திலும், வார்டில் நேரமின்மை பற்றிய நேர்காணல்களை வேறோரிடத்திலும் தனித்தனியாக எடுத்துக்கொண்டோம். ஒன்று மற்றொன்றை உறுதிப்படுத்தியது என்ற வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.