த்ரெட் லோக்கலைக் கழற்றி கான்டெக்ஸ்ட்வார் மாட்டிப் பார்த்தது

மாடியில் செடித் தொட்டிக்கு ஒன்றாக ஈஎஸ்பி32 சிப் வைத்த சென்சார்கள். அவை மண் ஈரத்தையும் வெப்பநிலையையும் அனுப்பும். ஒரு சின்ன பைத்தான் சர்வர் அதை வாங்கி எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் எழுதும். இதுவரை கனெக்‌ஷனுக்கு ஒரு த்ரெட் (தனியாக ஓடும் ஒரு இழை) என்று ஓடிக்கொண்டிருந்ததை, ஒரே த்ரெட்டில் பல வேலைகளை மாறி மாறி ஓட்டும் ஏசிங்க்ஐஓவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். நெட்வொர்க் பகுதி சுலபமாக முடிந்தது. பழைய கோடில் த்ரெடிங்.லோக்கலுக்குள் உட்கார்ந்திருந்த சாமான்கள்தான் நேரத்தைச் சாப்பிட்டன: லாக்கில் (நடந்ததைப் பதியும் ஃபைலில்) எழுத சென்சார் பெயர், எஸ்க்யூலைட் கனெக்‌ஷன். இவற்றோடு ஒரு ஆர்லாக் (பூட்டிய த்ரெட்டே மறுபடி பூட்ட விடும் பூட்டு) வேறு.

முதலில் எதையும் மாற்றாமல் அப்படியே ஓடவிட்டு எப்படி உடைகிறது என்று பார்த்தேன். கறிவேப்பிலை, புதினா என்று இரண்டு போலி கிளையன்ட். பெயரை வைப்பதற்கும் லாக் எழுதுவதற்கும் நடுவே ஒரு அவெய்ட் ஸ்லீப், அதாவது மற்ற வேலைகளுக்கு வழிவிட்டுத் தூங்கும் வரி. கறிவேப்பிலையின் ஈர அளவு புதினா பெயரில் லாக்கில் வந்து விழுந்தது. எர்ரர் எதுவும் இல்லை, அதுதான் எரிச்சல். த்ரெடிங்.லோக்கல் தரும் உறுதி ஒன்றே ஒன்று: த்ரெட்டுக்கு ஒரு பிரதி. ஏசிங்க்ஐஓவின் ஈவென்ட் லூப்பில் எல்லா டாஸ்க்கும் (அது மாறி மாறி ஓட்டும் வேலைகள்) ஒரே த்ரெட்டில்தான் ஓடுகின்றன. ஒரே அறையில் இரண்டு டாக்டர்கள் மாறி மாறி உட்காரும் கிளினிக்கில், வாசல் பலகையில் கடைசியாக வந்தவர் பெயர் தொங்குவது மாதிரி. ஒரு சென்சாரை மட்டும் வைத்து சோதித்தால் இது கண்ணிலேயே படாது. ஸ்லீப் நேரம் பூஜ்யமாக இருந்தாலும் போதும், அடுத்த டாஸ்க் புகுந்து பெயரை மாற்றிவிடும்.

கான்டெக்ஸ்ட்வார்ஸ்

இதற்காகவே 2018இல் வந்த பைத்தான் 3.7இல் கான்டெக்ஸ்ட்வார்ஸ் மாட்யூல் சேர்ந்தது. யூரி செலிவனோவ் எழுதிய பெப் 567 (பைத்தானுக்கான மாற்ற முன்மொழிவு) அதன் அடிப்படை. ஒரு டாஸ்க் உருவாகும்போது அந்த நேரத்துக் கான்டெக்ஸ்ட்டின் (இந்த வகை மாறிகளின் மதிப்புகள் அடங்கிய தொகுப்பின்) பிரதி அதற்குக் கிடைக்கிறது. உள்ளே இருப்பது மாற்ற முடியாத ஒரு மர அமைப்பு என்பதால், எத்தனை மாறிகள் இருந்தாலும் பிரதி எடுக்க ஆகும் செலவு ஒன்றுதான். மாறியை மாட்யூலின் மேல்மட்டத்தில் அறிவிக்க வேண்டும். ஃபங்ஷனுக்குள் அறிவித்தால், கான்டெக்ஸ்ட் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு மெமரியை விடாமல் போகலாம்.

ஸ்டார்ட்_சர்வர் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி டாஸ்க் போடுவதால், அதைக் கவனிக்கும் ஹேண்ட்லரின் முதல் வரியில் பெயரை செட் செய்ததோடு கலப்படம் நின்றது. சந்தோஷம்தான், ஆனால் அதோடு விட மனம் வரவில்லை, ஓரங்களைத் தட்டிப் பார்த்தேன்.

ஒரு கோரூட்டீனை (நடுவில் நின்று தொடரக்கூடிய ஃபங்ஷனை) நேராக அவெய்ட் செய்தால் அது நம்முடைய கான்டெக்ஸ்ட்டிலேயே ஓடுகிறது. உள்ளே செட் செய்த மதிப்பு திரும்பி வந்த பிறகும் இருக்கிறது. அதையே கிரியேட்_டாஸ்க் போட்டு அவெய்ட் செய்தால் வெளியே எதுவும் மாறுவதில்லை. பார்வைக்கு இரண்டு வரிகளும் அண்ணன் தம்பி போல இருக்கும், கவனம் தேவை. இன்னொன்று: மாறிக்குள் ஒரு டிக்‌ஷனரியை வைத்தால் பிரதி எடுப்பது மேலோட்டமாகத்தான். தாய் டாஸ்க்கும் பிள்ளை டாஸ்க்கும் அதே டிக்‌ஷனரியைத்தான் பார்க்கின்றன, பிள்ளை அதில் ஒரு கீ சேர்த்தால் தாய்க்கும் தெரியும். இதைப் பார்த்த பிறகு உள்ளே மாற்ற முடியாத டப்பிள் மட்டும்தான் வைக்கிறேன்.

பேட்டரி வோல்ட்டேஜ் சராசரிக்கு டெசிமல் பயன்படுத்துகிறேன். அதில் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. டெசிமல் மாட்யூலே 3.7 முதல் கான்டெக்ஸ்ட்வாருக்கு மாறிவிட்டது. ஒரு டாஸ்க் லோக்கல்கான்டெக்ஸ்ட்டில் 6 இலக்கத் துல்லியம் வைத்து அவெய்ட்டில் தூங்கும்போது, பக்கத்து டாஸ்க் வழக்கமான 28 இலக்கத்திலேயே கணக்குப் போட்டது.

லாக்

பெயரை லாக் ரெக்கார்டில் ஒட்டுவது ஒரு ஃபில்டர். அதை எங்கே மாட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஃபைலில் எழுதுவது லூப்பைத் தடுக்கக் கூடாது என்று க்யூஹேண்ட்லரும் க்யூலிசனரும் வைத்திருக்கிறேன்: முன்னது லாக் வரியை வரிசையில் போடும், பின்னது அதை எடுத்து எழுத அனுப்பும். லிசனர் வேறு த்ரெட். ஃபில்டரைக் கடைசியில் உள்ள ஃபைல் ஹேண்ட்லரில் மாட்டிப் பார்த்தால் அது லிசனர் த்ரெட்டில் ஓடுகிறது. அங்கே கான்டெக்ஸ்ட் காலி, எல்லா வரியிலும் டீஃபால்ட் பெயர்தான். க்யூஹேண்ட்லரில் மாட்டினால் லாக் எழுதிய டாஸ்க்கின் உள்ளேயே ஓடுகிறது, சரியான பெயர் வருகிறது. எல்லா லாகர்களுக்கும் மேலே உள்ள ரூட் லாகரில் மாட்டலாமே என்றால், லாகரில் மாட்டிய ஃபில்டர் அந்த லாகரில் நேராக எழுதியதை மட்டும்தான் பார்க்கும், அதன் பிள்ளை லாகர்களிலிருந்து வருவதைக் கண்டுகொள்ளாது.

எஸ்க்யூலைட், பிறகு பூட்டு

எல்லாவற்றையும் கான்டெக்ஸ்ட்வாருக்குத் தூக்கிவிடலாம் என்ற ஆசைக்கு இங்கே முற்றுப்புள்ளி. பைத்தானின் எஸ்க்யூலைட் கனெக்‌ஷனை எந்தத் த்ரெட் திறந்ததோ அதுதான் தொட முடியும். வேறு த்ரெட் தொட்டால் புரோகிராமிங்எர்ரர். அந்தச் சோதனையை அணைக்க ஒரு ஆப்ஷன் உண்டு, ஆனால் அப்புறம் டேட்டாபேஸில் எழுதுவதை ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படுத்தும் பொறுப்பு நம் தலையில். சென்சார் பெயர் வேலைக்குச் சொந்தம், வேலை எங்கே போனாலும் கூடவே போக வேண்டும். கனெக்‌ஷன் த்ரெட்டுக்குச் சொந்தம், இடம் விட்டு நகரக் கூடாது. பழைய கோடில் ஒரு வேலைக்கு ஒரு த்ரெட் என்று இருந்ததால் இரண்டும் ஒரே பெட்டியில் ஒற்றுமையாகக் கிடந்தன.

டு_த்ரெட் இங்கே உதவாது. அது ஃபங்ஷனை டீஃபால்ட் த்ரெட்பூலுக்கு (பொதுவில் வைத்த த்ரெட்களின் கூட்டத்துக்கு) அனுப்புகிறது. எந்தத் த்ரெட் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு வொர்க்கர் த்ரெட் கொண்ட தனி எக்ஸிகியூட்டர் வைத்து, அதன் இனிஷியலைசரில் கனெக்‌ஷனைத் திறந்து, அங்கே மட்டும் த்ரெடிங்.லோக்கலை விட்டுவைத்தேன். ஆனால் அதற்கு வேலை அனுப்பும் ரன்_இன்_எக்ஸிகியூட்டர் கான்டெக்ஸ்ட்டைக் கூட்டிக்கொண்டு போகாது. டு_த்ரெட் (3.9இல் வந்தது) கான்டெக்ஸ்ட்டைக் கொண்டுபோகும், எக்ஸிகியூட்டரைத் தேர்ந்தெடுக்க விடாது. இந்த இடைவெளியை நாமே அடைக்க வேண்டியதுதான்: காபி_கான்டெக்ஸ்ட்டில் பிரதி எடுத்து, அதன் ரன் வழியாக ஃபங்ஷனை எக்ஸிகியூட்டருக்குத் தள்ளும் ஒரு சின்ன உதவி ஃபங்ஷன். இப்போது டேட்டாபேஸ் த்ரெட்டிலிருந்து வரும் லாக்கிலும் எந்தச் சென்சார் என்று தெரிகிறது.

ஆர்லாக் சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஆர்லாக் பூட்டியவரை த்ரெட் அடையாளத்தை வைத்துத்தான் அறியும். ஒரு டாஸ்க் அதைப் பூட்டிக்கொண்டு அவெய்ட்டில் நிற்க, இரண்டாவது டாஸ்க் அதே கதவைத் தள்ளியது. ஒரே த்ரெட் என்பதால் மறு பேச்சில்லாமல் உள்ளே விட்டது. பூட்டு இருக்கிறது, காவல் இல்லை. சாதாரணப் பூட்டு (த்ரெடிங்.லாக்) போட்டுப் பார்த்தால் நேர் எதிர்: இரண்டாவது டாஸ்க் காத்திருக்கும்போது த்ரெட்டே நின்றுவிடுகிறது, முதல் டாஸ்க் திரும்பி வந்து திறக்க வழியே இல்லாமல் மொத்த சர்வரும் உறைகிறது. ஏசிங்க்ஐஓவின் சொந்தப் பூட்டுக்கு மாற்றினேன். அதை ஒரே டாஸ்க் இரண்டு முறை பூட்ட முடியாது என்பதால், பூட்டிக்கொண்டே, அதையே பூட்டும் இன்னொரு ஃபங்ஷனைக் கூப்பிடும் இடங்களைப் பிரித்து எழுத வேண்டியிருந்தது. அலுப்பான வேலை, ஆனாலும் கோடு முன்பைவிடத் தெளிவாகிவிட்டது.

சர்வரை நிறுத்தும் வரிசையும் மாறியிருக்கிறது. கனெக்‌ஷனை மூடுவதும் அதைத் திறந்த டேட்டாபேஸ் த்ரெட்டின் வேலை என்பதால், குளோஸ் அழைப்பை அந்த எக்ஸிகியூட்டருக்கு அனுப்பி, முடிந்த பிறகே எக்ஸிகியூட்டரை ஷட்டவுன் செய்கிறேன். அடுத்து பைத்தான் 3.14. புதிதாகத் தொடங்கும் த்ரெட் தன்னைத் தொடங்கியவரின் கான்டெக்ஸ்ட்டை வாரிசாகப் பெற அதில் ஒரு அமைப்பு வந்திருக்கிறது. ஜிஐஎல் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் பைத்தான் கோடை ஓட்ட விடும் பூட்டு) இல்லாத பில்டில் அது தானாகவே இயங்கும், வழக்கமான பில்டில் நாம்தான் இயக்க வேண்டும். லிசனர் த்ரெட் அதில் எந்தப் பெயரோடு விழிக்கிறது என்று பார்க்க வேண்டும்.