மெக்டேவிட்டா, டிரைசைட்டிலா? ஓவர்டைம் வந்தால் என் ஓட்டு யாருக்கு

ஃபுளோரிடாவில் ராத்திரி எட்டு மணிக்கு ஐஸ் ஹாக்கி என்றால் இங்கே பெங்களூரில் விடியற்காலை ஐந்தரை. 2025 ஜூன் 13, வெள்ளிக்கிழமை, வட அமெரிக்க என்ஹெச்எல் லீக்கின் ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்று, முதலில் 4 ஆட்டம் ஜெயிக்கும் அணிக்கே கோப்பை; இது 4வது ஆட்டம். ஹலசூரு வீட்டில் நானும் மச்சினனும் போனை சம்படத்தின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதல் பீரியட் முடிவதற்குள் எட்மண்டன் ஆயிலர்ஸ், ஃபுளோரிடா பாந்தர்ஸிடம் 0-3 என்று பின்தங்க, "போச்சு மாமா" என்று அவன் குளிக்கப் போய்விட்டான்.

மெக்டேவிட், டிரைசைட்டில் இருவருமே ஆயிலர்ஸ் வீரர்கள்தான். மச்சினனுக்கு மெக்டேவிட்தான் எல்லாம். தப்பே இல்லை. 2024 பிளேஆஃபில் (கோப்பைக்கான நாக்அவுட் சுற்றுகள்) 25 ஆட்டத்தில் 42 பாயிண்ட் (கோல் அடித்தாலும் ஒன்று, கோலுக்குப் பாஸ் கொடுக்கும் அசிஸ்ட்டுக்கும் ஒன்று), அதில் 34 அசிஸ்ட், பழைய ஜாம்பவான் கிரெட்ஸ்கி 1988இல் வைத்த 31ஐயே தாண்டினார். அந்த இறுதிச்சுற்றில் பாந்தர்ஸ் 3-0 என்ற ஆட்டக் கணக்கில் முன்னால் நிற்க, 4வது, 5வது ஆட்டங்களில் தலா 4 பாயிண்ட் எடுத்து அணியைத் தூக்கி நிறுத்தினார், தோற்ற அணியில் இருந்தும் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது அவருக்கே போனது. ஆனால் கடைசி இரண்டு ஆட்டத்திலும் ஒரு பாயிண்ட்கூட இல்லை. 7வது ஆட்டத்தில் 1-2 என்று தோல்வி.

நான் டிரைசைட்டில் பக்கம் சாய்ந்தது 2022 பிளேஆஃபில். கணுக்கால் சுளுக்கோடு, ஒரு காலில் பாரத்தைப் போட முடியாமல் பனியில் வழுக்கிக்கொண்டே வந்து, கால்கரி அணிக்கு எதிராக 5 ஆட்டத்தில் 17 பாயிண்ட் எடுத்தாரே, அதை எப்படி மறப்பது? அந்த வருடம் மெக்டேவிட்டுக்கு மொத்தம் 33, இவருக்கு 32.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஆயிலர்ஸ் மூன்றையும் திருப்பிக் கொடுத்து 4-3 என்று முன்னேறி, ஆட்டம் முடிய இருபது விநாடி இருக்கும்போது பாந்தர்ஸ் சமன் செய்துவிட்டது. ஓவர்டைம், முதல் கோல் அடிக்கும் அணிக்கே வெற்றி. ஒன்பது மணியை நெருங்கிவிட்டது, தோசைக்கல் காய்ந்து புகைகிறது, மாவு கரண்டியிலேயே நிற்கிறது, டிரைசைட்டில் ஒற்றைக் கையால் மட்டையை நீட்டித் தள்ள, உள்ளே! ஒரே பிளேஆஃபில் 4 ஓவர்டைம் கோல், அவருக்கு முன் யாரும் அடித்ததில்லை.

2025 பிளேஆஃபில் இருவருக்கும் 22 ஆட்டம், ஆளுக்கு 33 பாயிண்ட். எண்ணிக்கை சமம்தான், ஆனாலும் அடுத்த கோலில் ஆட்டம் முடியும் என்றால் பந்து, மன்னிக்கவும், பக் (ரப்பர் வட்டு) டிரைசைட்டில் மட்டையில் இருக்க வேண்டும் என்பேன். மச்சினன் ஒத்துக்கொள்ளவில்லை. "பாஸ் கொடுக்க ஆள் இல்லாம கோல் எங்கேர்ந்து வரும் மாமா?" என்கிறான். 6வது ஆட்டத்தில் கோப்பை மறுபடி ஃபுளோரிடாவுக்கே போனபோது இருவருமே பேசவில்லை.