நாணயத்தின் தரத்தை யார் சொல்ல வேண்டும்?

1986இல் பிசிஜிஎஸ், அடுத்த ஆண்டில் என்ஜிசி ஆகிய அமெரிக்க நாணயத் தரமதிப்பீட்டு நிறுவனங்கள் செயல்படத் தொடங்கிய பின்னர், நாணயங்களுக்கு 1 முதல் 70 வரை மதிப்பெண்ணிட்டு, பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டுத் தரும் முறை சேகரிப்பாளரிடையே வேரூன்றிவிட்டது. போலியைக் கண்டறிவதிலும், மெருகேற்றி மறைக்கப்பட்ட குறைகளை வெளிக்கொணர்வதிலும் இந்நிறுவன மதிப்பீட்டாளர்களின் பயிற்சி பெற்ற கண்களை நான் பெரிதும் மதிக்கிறேன். விலையுயர்ந்த நாணயத்தை நேரில் பாராமல் வாங்குவோருக்கு இச்சான்று அவசியம் என்றே கருதுகிறேன். ஆனால் மதிப்பெண் என்பது மனிதரின் கணிப்பே. உறையிலிருந்து எடுத்து மீண்டும் அனுப்பப்பட்ட அதே நாணயம் வேறு மதிப்பெண் பெறுவதுண்டு; 64க்கும் 65க்கும் இடையிலான ஒற்றைப் புள்ளியோ சில நாணயங்களின் விலையைப் பன்மடங்காக்கிவிடுகிறது. உறையையே போலியாகச் செய்வோரும் இருப்பதால், சான்றிதழ் எண்ணை அந்நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்தாக வேண்டும். அச்சின் கூர்மையையும் தேய்மானத்தையும் உருப்பெருக்கியில் ஆராய்ந்து, தரத்தைத் தாமே கணித்த பிறகே உறையிலுள்ள எண்ணைப் படிக்குமாறு புதிய சேகரிப்பாளர்களை வேண்டுகிறேன்.