தாளிச்சா எகிறுது மீட்டர்

வேளச்சேரியில் எங்கள் வீடு மெயின் ரோட்டை ஒட்டியது. புழுதிக்குப் பயந்து ஜன்னலை அடைத்தே வைத்திருப்போம். பையனுக்கு இழுப்பு இருப்பதால் பிஎம் 2.5 காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். பிஎம் 2.5 என்றால் காற்றில் மிதக்கும், 2.5 மைக்ரானும் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்குக் கீழும் அளவுள்ள துகள்கள். மூக்கில் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகக்கூடியவை.

இட்லி வேகும்போது எண் பெரிதாக அசையாது. வடகம் தாளித்தால் மூன்று இலக்கத்துக்குப் போய்விடும். கருவாடு வறுத்தால் கேட்கவே வேண்டாம். சூடான எண்ணெயின் ஆவி காற்றில் குளிர்ந்து நுண்துளிகளாகிறது; இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினாலும் வறுவல் வறுவல்தான். எக்ஸாஸ்ட் ஃபேனை அடுப்பு பற்றவைக்கும் முன்பே போட்டு, ஹால் ஜன்னல் ஒன்றைத் திறந்துவிட்டால் சீக்கிரம் இறங்குகிறது. வெளிக்காற்று உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் எதை இழுக்கும்?

பெருக்கும்போது எனக்குத் தும்மல் வரும், மீட்டர் கொஞ்சம்தான் ஏறும். அப்போது கிளம்புவதில் பெரும்பகுதி பெரிய தூசி, சீக்கிரம் தரைக்கே வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான் வீட்டில் அரசியல்.

"அத்தை, ஜன்னலைத் திறந்துட்டுப் போடுங்களேன்."

"திறந்தா புகை எங்கம்மா தங்கும்?"

அவர் கேட்பதும் நியாயம்தான். அது வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். எனக்கு உண்மையில் ஆத்திரம் கொசுவர்த்திச் சுருள் மேல். மீட்டரை ஒரு ராத்திரி படுக்கையறைக்குக் கொண்டுபோனபோது விடியும்வரை 200-க்குக் கீழே வரவில்லை. 24 மணி நேர சராசரிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். நம் நாட்டு வரம்பு 60. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரே ஒரு சுருள் எரிந்து முடிகையில் விடும் பிஎம் 2.5 துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் விடுவதற்குச் சமம் என்று கணக்கிட்டிருந்தார்கள். வறுவலாவது சட்டி இறக்கியதும் முடிந்துவிடும். இது கதவைச் சாத்திவிட்டு, குழந்தை தலைமாட்டில், மணிக்கணக்காக.

(மழை நாளில் இந்த மாதிரி மலிவு மீட்டர் கொஞ்சம் கூட்டியே காட்டும். ஈரத்தில் துகள்கள் ஊதிவிடும். அதைக் கழித்தாலும் 200 பெரிய எண்தான்.)

இப்போது ஜன்னலுக்கு வலை அடித்தாயிற்று, கட்டிலுக்கும் கொசுவலை. உள்ளே காத்தே வரலை என்று வீட்டுக்காரர் முணுமுணுக்கிறார். ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுப் படுக்கச் சொல்லியிருக்கிறேன். போகி அன்றைக்கு மட்டும் எல்லா ஜன்னலையும் நானே சாத்திவிடுவேன்.